படிப்பதை அளக்க எந்தப் படி?

ஜனவரி பிறந்தால் வாசகர்கள் வாயில் ஓர் எண் வந்துவிடுகிறது. இந்த ஆண்டு 24 புத்தகம் என்பார் ஒருவர். வாரத்துக்கு ஒன்று, ஆக 52 என்பார் இன்னொருவர். துணிந்தவர் 100-இல் போய் நிற்பார். குட்ரீட்ஸ் இணையதளம் 2011-இல் தொடங்கிய ஆண்டு வாசிப்புச் சவால் இந்த வழக்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது. எண்ணைப் பதிந்தால் ஒரு பட்டை தோன்றும், புத்தகம் முடிய முடிய அது நீளும், நடுவில் சுணங்கினால் இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லும். தமிழில் புத்தகத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு: ஆண்டுக்கு 1000 மணி நேரம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு நாள்கூட விடாமல் தினம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். இதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், வாசிப்பு என்ன பால் கணக்கா என்று கேட்கிறார்கள். பால் கணக்கின் மேல் அவ்வளவு இளக்காரம் வேண்டாம் என்பது என் கட்சி. மாதக் கடைசியில் பால்காரரும் வீட்டுக்காரரும் சண்டை போடாமல் இருப்பதே காலண்டரில் போட்ட அந்தக் கோடுகளால்தான். கணக்கு வைப்பதில் குற்றமில்லை. எந்தப் படியால் அளக்கிறோம், அளந்ததை யாரிடம் காட்டுகிறோம் என்ற இரண்டு இடங்களில்தான் காரியம் கெடுகிறது.

தன் வாசிப்பைப் பற்றி மனிதருக்கு இருக்கும் நினைவு நம்பத்தக்கதல்ல. புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கியது நினைவிருக்கும். அவற்றில் எத்தனை முதல் அத்தியாயத்தோடு மூடப்பட்டன என்பது நினைவிருக்காது. மதிப்புரையில் தெரிந்துகொண்டது, நண்பர் கதை சொல்லக் கேட்டது, பாதியில் விட்டது எல்லாம் சில ஆண்டுகளில் 'படித்தது' என்ற ஒரே அடுக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேன் தன் மறதியை நன்கு அறிந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் கவனமாகப் படித்து, ஓரமெல்லாம் குறிப்பும் எழுதிய நூலையே புது நூல் என்று நினைத்து மறுபடி கையில் எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு, நூலின் முடிவில் படித்து முடித்த தேதியையும் அப்போது பட்ட அபிப்பிராயத்தையும் எழுதிவைக்கத் தொடங்கினார். சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டியவை, படித்தவை என்று பிரித்துக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். மேலோட்டமாகப் புரட்டியதை அப்படியே புரட்டியது என்று குறிக்க அவர் கூசவில்லை. கூச என்ன இருக்கிறது? அந்த ஏட்டை அவர் யாருக்கும் காட்டி நிமிர வேண்டியிருக்கவில்லை. அது சாட்சி, அவ்வளவுதான். ஆண்டு இலக்கும் பார்வையாளர்களும் வந்து சேர்ந்ததும் அதே ஏடு வக்கீலாகிவிடுகிறது. கட்சிக்காரருக்குச் சாதகமானதை மட்டும் பேசும். புரட்டியதையும் படித்தது என்று வாதாடும்.

சரி, எந்தப் படி? புத்தகம்தான் இயல்பான அலகு என்று தோன்றும், எண்ண உட்காரும் வரைக்கும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' ஒன்று. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' ஒன்று. முன்னதை ஒரே இரவில் முடித்துவிடலாம், பின்னது வாரக்கணக்கில் ஆளை வெளியே விடாது. பட்டையில் இரண்டும் ஒரே அளவுதான் நகர்த்தும். 'பொன்னியின் செல்வன்' ஒரு புத்தகமா, ஐந்தா? கையில் இருக்கும் பதிப்பைப் பொறுத்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழுக்காக வாராவாரம் காத்திருந்தவருக்கு இந்தக் கேள்வியே விளங்கியிருக்காது. அவருக்கு அது மூன்றரை ஆண்டுப் பழக்கம். மகாபாரதம் 26 நாவல்களாக விரிந்த 'வெண்முரசு' படித்தவர் ஒரு பாரதம் படித்தேன் என்று எழுதுவதா, ஒரே மூச்சில் 26-ஐக் கூட்டிக்கொள்வதா? பக்கத்தை எண்ணினால் இந்தக் கோணல் கொஞ்சம் நிமிரும். ஆனால் எழுத்துருவைப் பெரிதாக்கியவர் பக்கத்தையும் பெருக்கிவிடுகிறார். ஏடெழுதிய காலத்தில் 32 எழுத்து ஒரு கிரந்தம் என்று நூலின் நீளத்தை அளந்தார்கள். இன்றைய பக்கத்தைவிட நேர்மையான அலகுதான், என்றாலும் அது எழுதுகிற கைக்கு ஏற்ற அளவு. படிக்கிற கண் எல்லா 32 எழுத்தையும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை.

இங்கே பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் உதவிக்கு வருகிறார். 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி அவர் கவனித்தது பின்னால் அவர் பெயரிலேயே ஒரு விதியாகிவிட்டது: ஓர் அளவையை இலக்காக்கிவிட்டால் அது அளவையாக இருக்கும் யோக்கியதையை இழக்கும். படியின் அடியை உள்பக்கமாகத் தட்டி ஒடுக்கி வைத்த வியாபாரிகளைப் பார்த்த சமூகத்துக்கு இதில் புதுமை அதிகம் இல்லை. எந்தப் படியையும் தட்டலாம். ஆகவே தட்ட முடியாத படியைத் தேடுவது வீண் வேலை. தட்டினாலும் நஷ்டம் குறைவான படி எது என்று கேட்பதுதான் புத்தி. புத்தக எண்ணிக்கையை ஏமாற்ற வேண்டுமானால் மெல்லிய நூல்களாகப் பொறுக்க வேண்டும். டிசம்பர் மூன்றாவது வாரத்துப் பட்டியல்களில் குறுநாவல்கள் திடீரென்று பெருகுவதன் ரகசியம் அதுதான் என்று சந்தேகிக்கிறேன். பக்கத்தை ஏமாற்ற வேண்டுமானால் வழுக்கிக்கொண்டு ஓடும் நூல்களை எடுத்து, கடினமான பத்திகளைத் தாண்ட வேண்டும். இரண்டு மோசடியும் வாசகரை எளியதை நோக்கித் தள்ளுகின்றன. நேரத்தை எப்படி ஏமாற்றுவது? மெதுவாகப் படிக்கலாம். படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கலாம். புரியாத வரியில் நின்று அகராதியைப் புரட்டலாம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசிக்கலாம். நேரக் கணக்கில் செய்யக்கூடிய திருட்டு எல்லாம் நல்ல வாசகர் எப்படியும் செய்வதுதான். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கைபேசியைத் தடவுவது ஒன்றுதான் உண்மையான மோசடி. அதைச் செய்கிறவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

அளப்பதே இன்பத்தைக் கெடுக்கும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம், அதற்குச் சான்றும் இருக்கிறது. ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணம் தீட்டுதல், நடத்தல், வாசித்தல் போன்றவற்றில் தாங்கள் செய்த அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், குறைவாக அனுபவித்தார்கள். அளப்பது நின்ற பிறகு அதைத் தொடர்வதிலும் ஆர்வம் குறைந்தது. அதற்கும் முன்பே, 1973-இல், ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் நண்பர்களும் செய்த சோதனை இருக்கிறது. படம் வரையப் பிடித்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பின்பு சுதந்திரமாக விட்டபோது அந்தக் குழந்தைகள்தான் வரைவதில் குறைந்த நேரம் செலவிட்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அந்தக் கேடு நேரவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்க வேண்டியதும் இல்லை. இரண்டிலும் கெடுத்தது எது என்று பார்க்க வேண்டும். ஒன்றில், காரியம் நடக்கும்போதே கண்முன் ஓடும் எண். மற்றதில், முன்னாலேயே தொங்கவிட்ட பரிசு. கிண்டில் திரையின் அடியில் 'அத்தியாயம் முடிய இத்தனை நிமிடம்' என்று ஓடுவது முதல் வகை. அதை மறைத்துவைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, மறைத்துவிடலாம். ஆண்டு முடிவில் பகிர்ந்துகொள்ளக் காத்திருக்கும் பதக்கப் படம் இரண்டாம் வகை. புத்தகத்தை மூடிய பிறகு, தூங்கப் போகும் முன் ஒரு வரி எழுதுவது இரண்டிலும் சேராது. கடை சாத்திய பின் கல்லாவை எண்ணுவதும் வியாபாரத்தின் நடுவில் எண்ணிக்கொண்டே இருப்பதும் ஒன்றல்ல.

நேரத்தை அளப்பது நேரம் உள்ளவர்களின் சொகுசு என்றும் சொல்லலாம். உண்மைதான். 1000 மணி நேரம் என்பது வேலைக்கும் போய், வீட்டுச் சமையலையும் பார்த்து, மாமியாரை மருத்துவமனைக்கும் அழைத்துப் போகிற ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய எண் இல்லை. குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் நான்கு பக்கம் என்பதுதான் அவருடைய வாசிப்பு. ஆனால் இது இலக்கின் மேல் வைக்க வேண்டிய குற்றம். அலகுக்கு இதில் பங்கில்லை. தினம் 15 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 91 மணி நேரம் சேர்கிறது, சில கனமான நாவல்களுக்கு அது தாராளமாகப் போதும். புத்தகப் பட்டியலில் இந்தப் பெண் வருடத்துக்கு ஆறு என்று கடைசியில் நிற்பார். நேர ஏட்டில் 300 நாளுக்குக் குறிப்பு இருக்கும். அலுக்காமல் திரும்பத் திரும்ப வந்ததைக் காட்ட புத்தக எண்ணிக்கையில் இடமே கிடையாது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நேரம் செலவானதாலேயே நூல் உள்ளே இறங்கிவிடுமா? பதிமூன்றாம் நூற்றாண்டில் 'நன்னூல்' எழுதிய பவணந்தி முனிவர் இதைப் பின்னக் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஒரே பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டவர் முறையாக எடுத்துச் சொல்லும் தகுதி பெறுவார் என்றும் சொல்கிறார். அவர் எண்ணியது ஒரு நூலுக்குத் திரும்பிய தடவைகளை. கிண்டில் 100 சதவீதம் என்று காட்டும் இடத்தில் பவணந்தி 25 என்றுதான் எழுதியிருப்பார். எனவே நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய பத்திகள் சேர்த்துக்கொள்வது நல்லது: எத்தனையாவது முறை, யாரிடம் பேசினேன். பெரும்பாலான நாட்களில் இரண்டாவது பத்தி காலியாகவே இருக்கும், அதுவும் ஒரு தகவல். கவிதைக்கு இதுவும் போதாது. குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் படிக்க அரை நிமிடம் பிடிக்கும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அது மறுபடி மனதில் ஓடியதை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதாமல் விட்டுவிடலாம். எல்லாச் செலவும் கணக்கில் வந்தாக வேண்டும் என்று எந்த வீட்டிலும் சட்டம் கிடையாது.

டிசம்பர் 31 இரவு 640 மணி நேரத்தில் நின்றுபோன ஒருவரை நினைத்துக்கொள்வோம். சவால் தோற்றுவிட்டது, பகிரப் படம் எதுவும் வராது. ஆனால் அவர் தன் ஏட்டைப் புரட்டினால், பிப்ரவரியில் ஒரே நாவல் இரண்டு தடவை வந்திருக்கும். மே மாதம் முழுக்கக் காலை ஐந்தரை மணிக் குறிப்புகள், கரண்ட் இல்லாத இரவுகளுக்கு ஈடாக. ஓர் இடத்தில், 'முடியவில்லை, 112-ஆம் பக்கம்' என்று எழுதி, ஆகஸ்டில் அதே நூல் 113-இலிருந்து மறுபடி தொடங்கியிருக்கும். ஜூலையில் ஒரு வரிகூட இருக்காது. அந்த மாதம் என்ன நடந்தது என்பதை வேறு யாரும் கேட்கப் போவதில்லை. அவருக்கு, அந்தப் பக்கத்தைப் பார்த்ததும், தெரியும்.