தோண்டியவனும் நிலமும்

கோலார் தங்கவயலைத் தோண்டியவர்களில் பெரும்பான்மையோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சாதியும் பஞ்சமும் நெருக்கியதால் போனவர்கள். 1880இல் ஜோன் ரெய்லர் கம்பனி அங்கு கால்வைத்தது. 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 தொன். சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நெஞ்சை அரித்துச் செத்தவர்களும் உண்டு.

தங்கம் போய்விட்டது. சயனைட் கலந்த கழிவுமண் குன்றுகளாகக் கிடக்கிறது. கம்பனி கட்டிய சிறு வீடுகளில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். விடிய முன் இரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். இவர்களுக்குச் சொந்த ஊர் எது?

ஒரு நிலம் ஒருவனுக்கு எதனால் சொந்தமாகிறது? ஊரில் நாம் பழகிய விடை, பூட்டன் காலத்து உறுதி. 1948இல் இலங்கை அரசும் மலையகத் தமிழரிடம் இதையேதான் கேட்டது: தகப்பன் இங்கு பிறந்தவனா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். அவர்கள் கொய்த தேயிலை மட்டும் இலங்கைத் தேயிலையாகவே இருந்தது.

மில்லிக்கனில் நாம் வேறு விடை சொல்கிறோம். பன்னிரண்டு மணித்தியாலம் கோப்பை கழுவுகிறோம், வரி கட்டுகிறோம், ஆகவே இது எமக்கும் நாடு. இந்த விடை சரியென்றால் அது தங்கவயலுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் சேரவேண்டும். ஊரில் உறுதியையும் இங்கே உழைப்பையும் காட்டுவதற்குப் பெயர் வசதி.

குசினியில் கூட நிற்கும் நண்பர் மறித்தார்: "அப்பிடியெண்டால் கல்லோயாவில கொண்டுவந்து இருத்தின ஆக்களும் உழைச்சவைதானே?"

கூர்மையான கேள்வி. உழைப்பு ஒருவனுக்கு இருக்கும் உரிமையைத் தரும். முன்னே இருந்தவனை எழுப்பும் உரிமையைத் தராது. மண்வெட்டியோடு வந்த ஏழையைவிட, அவனை வைத்து எங்கள் எல்லையை மாற்றிய அரசுதான் பதில் சொல்லவேண்டியது. அவனுடைய பேரப்பிள்ளையும் இன்று தான் பிறந்த மண்ணில்தான் நிற்கிறது. இதைச் சொல்லும்போது நாக்குக் கசக்கிறது. ஆனால் எமக்கு இனிக்கும் இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் நீதியை வைத்துக்கொண்டு எவரிடமும் வழக்குப் பேசமுடியாது.

எங்கள் பெண்களின் தாலிக்கொடியில் எந்தப் பவுண் கோலாருடையது என்று ஒருவராலும் பிரித்துச் சொல்லமுடியாது. உருக்கினால் பொன்னுக்கு ஊரில்லை. தோண்டியவனிடம் மட்டும் ஏன் ஊர் கேட்கிறோம்?