கர்த்தா மறையும் வாக்கியம்

ஆங்கில இலக்கணத்தின் செயப்பாட்டுவினை, செய்த கர்த்தாவைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள இடந்தருவதால், பக்திக்கும் பாவத்துக்கும் ஒருங்கே உதவுகின்ற விசித்திரத்தை நாம் சிந்தித்தல் வேண்டும். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் மலைப்பிரசங்கத்தில், துயருறுவோருக்கு ஆறுதல் வாக்களிக்கப்படும் இடத்தே, அதனை அளிப்பவர் பெயர் கூறப்படவில்லை. இறைவனின் திருநாமத்தை எளிதில் உச்சரியாத யூத மரபின் பணிவே அந்த மௌனம் என்று வேத விற்பன்னர் பலர் கருதுவர். 1987 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைக் குறித்துத் தம் நாட்டுக் காங்கிரஸ் சபையில் பேசுகையில், பெருந்தவறுகள் செய்யப்பட்டன என்று மொழிந்தபோதும் கர்த்தா மறைந்தான், அது பணிவன்று.

செய்வினை இயலுமிடத்துச் செயப்பாட்டுவினையை விலக்குக என்று 1946இல் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் விதித்தார். நல்ல விதியே, எனினும் போதாது. குண்டுவீச்சில் மக்கள் கொல்லப்பட்டனர் என்றால், யாரால் என்று வினவ இடமேனும் எஞ்சுகிறது. மாண்டனர் என்றாலோ, செயப்படுபொருளை ஏலாத அவ்வினை, மரணத்தை மாண்டவர்தம் செயலாகவே ஆக்கிவிட, கொன்றவன் இலக்கணத்தாலேயே விடுதலை பெறுகிறான். செய்தித்தாளில் அவ்வினையைக் காணுந்தோறும், வாசகர்களே, கொன்றவர் யாரென்று கேளுங்கள்.