100 வோல்ட்டும் திரோதான சக்தியும்

ஜப்பானில் வீட்டுச் சுவரில் வருவது 100 வோல்ட். நமக்கு 230. அங்கே வாங்கிய கீபோர்டை இங்கே கொண்டுவந்து அப்படியே செருகிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடை வைத்து ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு என்று பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். அப்படி எரிந்து வந்ததைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வார்னிஷ் கருகிய வாடை. 100 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏற்றினால், அதன் இரும்புக் கோர் தாங்குகிற காந்தப்புலம் எல்லை தாண்டிவிடும். அப்புறம் பிரைமரி சுற்றில் பாயும் கரன்ட்டுக்கு அணையே கிடையாது. சரியான ஃபியூஸ் இருந்தால் தான் போய் மற்றதைக் காப்பாற்றும். யாராவது ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தால் காயில், கெப்பாசிட்டர், ரெகுலேட்டர் ஐசி என்று வரிசையாகப் போகும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். 230க்கு மாற்றிய அதே பழைய மாதிரிக் கருவியை ஜப்பானுக்குக் கொண்டுபோய் 100இல் செருகினால் எதுவும் எரியாது. விளக்கு மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். கட்டையை அழுத்தினால் சத்தம் வராது. அவ்வளவுதான். மறுபடி 230 கிடைக்கும்போது ஒன்றுமே நடவாததுபோல் பாடும். கூடினால் சாவு, குறைந்தால் மௌனம். இந்த வித்தியாசத்தை நான் தொழிலில் சேர்ந்த காலத்திலேயே கற்றேன். இதற்குத் தொழிலுக்கு வெளியே ஒரு பொருள் இருக்கிறது என்பது சைவ சித்தாந்த வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தட்டுப்பட்டது.

அதைப் பேச வைத்தவன் ஒரு தம்பி. பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கோயிலில் (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்) ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். அவன் அண்ணன் ஹமமட்சு நகரில் வேலை பார்க்கிறார். யமஹா நிறுவனத்தின் ஊர் அது. அங்கே பழைய பொருள் விற்கிற கடையில் யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். 1983இல் வந்த கருவி, ஒரு கட்டைகூட ஆடவில்லை. செருகிப் பார்க்காமல் நேரே என்னிடம் கொண்டுவந்தான், புண்ணியவான்.

இப்போது வருகிற சின்னக் கீபோர்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடாப்டரிலேயே 100–240 என்று போட்டிருக்கும், எந்த ஊரிலும் செருகலாம். டிஎக்ஸ்7க்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது. வெளியே ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வைத்தால் வேலை சுலபம். ஆனால் விலை குறைவு என்று வாங்குகிற ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை நான் கோயில் கருவிக்குப் போடவே மாட்டேன். அதில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சுற்றுதான். நடுவில் பொதுவான பாகம் அறுந்தால் 230 அப்படியே கருவிக்குள் இறங்கிவிடும். அதனால் உள்ளேயிருந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, செகண்டரி வோல்ட்டுகளை அளந்து எழுதி, வைண்டிங் கடையில் கொடுத்து, பிரைமரி மட்டும் 230க்கு, செகண்டரி பழையபடியே என்று புதிதாகச் சுற்றி வாங்கினேன். ஃபியூஸும் மாற வேண்டும். வோல்ட் ஏறினால் கரன்ட் இறங்குகிறது. பழைய அளவில் பாதிக்கும் குறைவான ஃபியூஸ் போதும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய ஃபியூஸ் கிடந்தால் அது காவலே இல்லை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்: “அண்ணாச்சி, நீங்க சித்தாந்தம்லாம் படிக்கீங்கள்லா. கடவுள் இருக்காருன்னா ஏன் இப்படி ஒளிஞ்சுகிட்டே இருக்காரு?” அவன் அம்மா புற்றுநோயில் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. வாதத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை என்று தெரிந்தது.

சைவ சித்தாந்தத்தில் இறைவனின் தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நாலாவதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. மறைப்பது ஒரு தொழிலா? ஒளிந்திருப்பவனை வணங்குவானேன்? 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் காலத்துக்குள் இதற்கு நம்மவர்கள் தீர்க்கமான விடை வைத்துவிட்டார்கள். மறைக்கிற சக்தி வேறு, அருள்கிற சக்தி வேறு இல்லை. அருள் சக்தியே உயிர் பக்குவப்படும் வரைக்கும் திரோதான சக்தியாக நின்று மறைக்கிறது. உயிரைக் கட்டியிருக்கிற ஆணவ மலத்தோடு சேர்ந்து நின்று அதை வேலை வாங்குவதால் இதையும் மலம் என்று எண்ணுவார்கள். எண்ணிக்கையில்தான் மலம், உண்மையில் அருள். பக்குவம் வந்த உயிரில் அதே சக்தி வெளிப்பட்டுப் பதிவதைச் சத்திநிபாதம் என்கிறார்கள். அதிலும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நாலு படி. எல்லா உயிருக்கும் ஒரே அளவில் இறக்குவதில்லை.

மேசைமேல் கிடந்த டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டித்தான் அவனுக்குச் சொன்னேன். கீபோர்டு உள்ளே இருக்கிற டிஜிட்டல் ஐசிகளுக்கு வேண்டியது 5 வோல்ட். சுவரில் 100 இருந்தாலும் 230 இருந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டியது அதே 5தான். நடுவில் ஒன்று நின்று குறைத்துத் தருகிறது. குறைத்துத் தருவதால் எதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நினைக்காதே. வோல்ட் இறங்கும்போது ஆம்பியர் ஏறுகிறது. கொஞ்சம் சூடாகப் போவதைத் தவிர, வாட் கணக்கில் வந்தது வந்தபடி போய்ச் சேருகிறது. அதோடு இந்தப் பக்கத்துச் சுற்றுக்கும் அந்தப் பக்கத்துச் சுற்றுக்கும் நடுவே ஒரு கம்பிகூடத் தொடவில்லை. தொடாமலே முழு ஆற்றலும் கடக்கிறது. உயிரோடு இறைவன் ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இருக்கிறான் என்று வகுப்பில் கேட்டதை, மின்சாரம் படித்த எனக்கு நம்புவது கஷ்டமாக இல்லை.

அவன் தன் வேதத்திலிருந்தே பதில் எடுத்தான். மோசே கர்த்தருடைய மகிமையைக் காட்டும்படி கேட்டபோது, கர்த்தர் அவரைக் கன்மலையின் வெடிப்பிலே வைத்துக் கையால் மூடி, கடந்துபோன பிறகே பின்பக்கத்தைக் காட்டினாராம். யாத்திராகமம் 33. முகத்தைக் கண்டு ஒரு மனுஷனும் பிழைக்க முடியாதாம். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ச்சுனனும் கேட்டு வாங்கிய விசுவரூபத்தைக் காணத் தாளாமல், பழைய உருவத்துக்கே திரும்பி வரும்படி கெஞ்சுகிறான் என்று நான் சொன்னேன். இரண்டு பேருமே கேட்டது முழுமையை. கடைசியில் கிடைத்தது தாங்கக்கூடியது. ஆக, எங்கே தவறுவது என்று வந்தால் இறைவன் மௌனத்தின் பக்கம்தான் தவறுவான், எரிக்கிற பக்கம் தவற மாட்டான் என்பது என் நம்பிக்கை.

இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 1935இல் வந்த ஹேமண்ட் ஆர்கனில் சுரத்தை உண்டாக்கும் சக்கரங்களைச் சுழற்றுவது மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு ஒட்டி ஓடுகிற மோட்டார். அமெரிக்க 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50இல் ஓட்டினால், வோல்ட்டை எவ்வளவு சரியாகக் குறைத்தாலும் ‘சி’யை அழுத்த ‘ஏ’ ஒலிக்கும். டிஎக்ஸ்7க்கு அந்தக் கதி இல்லை. ஜப்பானுக்குள்ளேயே ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே 50, மேற்கே 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதன் விளைவு. அங்கே விற்ற கருவி இரண்டையும் பொறுக்கும். அதன் சுருதியைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் படிகம். வெளியே எது மாறினாலும் தன் துடிப்பை விடாது.

உயிர் எந்த வகை? சித்தாந்தமும் படிகத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் அது தன் துடிப்பை விடாத படிகம் இல்லை, பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தை வாங்கிக்கொள்கிற படிகம். சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு. மலத்தைச் சார்ந்தால் மலமாக நிற்கும், சிவத்தைச் சார்ந்தால் சிவமாக நிற்கும். அந்தக் கணக்கில் நாம் டிஎக்ஸ்7 இல்லை, ஹேமண்ட்தான். எதோடு இணைத்தார்களோ அதன் சுருதியில் ஒலிக்கிறோம். என் கடை மேசையில் பிறந்த டிரான்ஸ்ஃபார்மர் உவமையைத் திரோதானத்துக்கு நான் நம்புகிறேன், உயிரின் இயல்புக்கு நம்பவில்லை.

அந்தத் தம்பி எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “கீபோர்டு ஊமையா இருந்தா அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்குத் தெரியுதே.”

நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன். மறைப்பும் அருள்தான் என்ற வாக்கியம் என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள உரிமையுள்ள வாக்கியம். அம்மாவைப் பறிகொடுத்தவனிடம், உன் பக்குவத்துக்காகத்தான் உன்னிடம் பேசாமல் இருந்தார் என்று சொல்ல எனக்கு எந்த நூலும் அனுமதி தரவில்லை. சொன்னால் அது கொடுமை. அதே சமயம் அவன் சொன்னதிலேயே எனக்கு ஒரு பிடி கிடைத்தது. முழுக்க ஆணவ இருளில் கிடக்கிற உயிருக்கு இருள் என்பதே தெரியாது என்கிறது சித்தாந்தம். மௌனத்தை மௌனமென்று அறிந்து வலிக்கிறவனிடம் ஏதோ ஒன்று ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது. குறைந்த வோல்ட்டாக இருக்கலாம். அதை மட்டும் அவனிடம் சொன்னேன். அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கருவியின் பின்பக்கத்தில் 100 என்று அச்சிட்டிருந்ததன்மேல் 230 என்று எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினேன். அடுத்துத் திறக்கிற மெக்கானிக் யாராக இருந்தாலும் அவனுக்கு அது தெரிய வேண்டும்.