ஆசைக்குத் தேவை என்று பேர் வைக்கலாமா?



எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகன் தகப்பனாரிடம் வருகிறான். "அப்பா, கம்ப்யூட்டருக்குப் புது பிராசஸர் வாங்க வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு படிக்கவே முடியவில்லை" என்கிறான். அவன் அதில் விளையாடுகிறான் என்பது தகப்பனாருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மகனுக்கும் தெரியும். "இருக்கிறது போதும், போ" என்கிறார் அவர். பேச்சு முடிந்தது.

இதில் இருவரிடமும் குறை உண்டு. மகன் ஆசைக்குத் தேவை என்று பேர் வைத்தான். தகப்பனார் விசாரியாமலே தீர்ப்புச் சொன்னார்.

விளையாட ஆசைப்படுவது குற்றமா? இல்லை. படித்துக் களைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டியதுதான். ஆனால் ஆசையைத் தேவை என்று சொல்லுகிறவன் பிறரை ஏமாற்றுமுன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளுகிறான். ஆசையைப் பார்த்து, "எவ்வளவு போதும்?" என்று கேட்கலாம். தேவை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

இந்த விஷயத்தில் நமக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. அது அந்தக் கம்ப்யூட்டரே. விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று கணக்கிடுவது பிராசஸர். அதைத் திரையில் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. கொத்தனார் மெதுவாகக் கட்டும்போது செங்கல் எடுத்துக்கொடுக்கும் சித்தாட்களைக் கூட்டினால் சுவர் சீக்கிரம் எழும்புமா? ஆகவே முதலில் இதைச் செய்து பாருங்கள். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து, அதே விளையாட்டை அதே இடத்தில் ஆடுங்கள். வேகம் நன்றாகக் கூடினால் தாமதம் கிராபிக்ஸ் கார்டில் இருந்தது. புது பிராசஸரால் அதிகப் பயன் வராது. வேகம் கூடாவிட்டால் பிராசஸர்மேல் சந்தேகப்பட நியாயமுண்டு. அப்போதும் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு மிஞ்சினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மானிட்டரையும் கவனியுங்கள். வினாடிக்கு 60 படம் மட்டும் காட்டும் மானிட்டருக்கு 150 படம் அனுப்பினால் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. இத்தனை சோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதெரோ 1769இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்குப் புதிய அங்கி ஒன்று கிடைத்தது. அதன் அழகுக்கு முன் அறையிலிருந்த பழைய சாமான்கள் இழிவாகத் தோன்றவே, ஒவ்வொன்றாக மாற்றினார்; பழைய அங்கியை நினைத்து வருந்தினார். பிராசஸரும் இப்படித்தான். ஏஎம்டி கம்பெனி 2022இல் கொண்டுவந்த ஏஎம்5 வகைப் பிராசஸர் முந்தைய மதர்போர்டில் பொருந்தாது. பழைய டிடிஆர்4 ரேமும் அதனோடு சேராது. ஒன்றை வாங்கப் போனவன் மூன்றை வாங்கி வருவான். ஆனால் அதே வருஷம் ஏப்ரலில் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி, பயாஸைப் புதுப்பித்தபின் 2017ஆம் வருஷத்து மதர்போர்டுகள் பலவற்றிலும் வேலை செய்தது. இப்படி ஒரே பாகத்தோடு முடிகிற வழி உங்களுக்கும் உண்டா என்று விசாரியுங்கள்.

கழற்றிய பாகத்தையும் மறந்துவிடலாகாது. 2022இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வேலை செய்கிற பாகத்தை மேஜையறையில் போட்டு வைக்காமல், அது உதவக்கூடிய ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின், குறை பிராசஸரிலேதான், கடன் வாங்காமல் கைப்பணத்தில் முடியும், வீட்டில் யாருடைய அவசியமும் இதனால் தள்ளிப்போகாது என்று தெரிந்தால், தாராளமாக வாங்குங்கள், சந்தோஷமாக விளையாடுங்கள். ஆனால் வாங்குமுன் ஒரு காகிதத்தில், "இந்த விளையாட்டில் இத்தனை வேகம் வந்தால் எனக்குப் போதும்" என்று எழுதி வையுங்கள். இன்டெல் கம்பெனி 1971இல் விற்ற 4004 சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன. அடுத்த வருஷம் இன்னும் வேகமானது வரும். போதும் என்ற வார்த்தையை எந்தக் கம்பெனியும் நமக்காகச் சொல்லாது. அதை நாமேதான் சொல்ல வேண்டும்.

வாலிபனே, தகப்பனாரிடம் மறுபடி போ. "அப்பா, இது இல்லாமலும் என் படிப்பு நடக்கும். ஆனாலும் ஆசையாயிருக்கிறது" என்று சொல். அவர் சரி என்னலாம். ஆறு மாதம் பொறு என்னலாம். பாதிப் பணம் நீ சேர் என்னலாம். எது சொன்னாலும், உங்கள் இருவருக்கும் நடுவே பொய் இராது.

பெற்றோரே, நீங்களும் அவன் சொல்வதைக் கேட்டபின் பதில் சொல்லுங்கள். கேட்குமுன், சென்ற வருஷம் நாம் மாற்றிய செல்போன் தேவையா, ஆசையா என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அந்தப் பதிலைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுகிறவருக்கு, "போதும்" என்ற சொல்லை அவனுக்குக் கற்பிப்பது அவ்வளவு கடினமாயிராது.