மறந்தவரும் மறவாதவனும்

ஞாபகத் தொடர்ச்சியே ஒருவனை அவனாக்குகிறது என்ற பொருள்பட தத்துவஞானி ஜான் லாக் 1694-ல் எழுதிய சித்தாந்தத்தை, மறதிநோய் கண்டு, பெற்ற பிள்ளையையே "நீங்க யாரு?" என்று மரியாதையாக விசாரித்த என் பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது என்னால் அங்கீகரிக்க முடியவில்லை. என்றோ காலமான தாயார் கோயிலிலிருந்து இன்னும் திரும்பவில்லையே என்று அவள் தவிக்க, நாங்கள் உண்மையை எடுத்துச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதாள்; சத்தியத்தின் பெயரால் நாங்கள் செய்த ஹிம்சை அது. "உங்க அம்மா வத்தக்குழம்பு எப்படிப் பண்ணுவா, பாட்டி?" என்று கேட்டபோதோ, விரல்கள் புளி கரைப்பதுபோல் அசைய, முகம் தெளிந்தது. சாகும் தறுவாயில் நினைவிழந்து கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் பக்தனைத் தானே நினைப்பதாக, வைணவர்கள் போற்றும் வராக சரம சுலோகத்தில் பகவான் வாக்களிக்கிறான். நினைக்கும் பொறுப்பு அங்கே கைமாறிவிடுகிறது. அன்று சாயங்காலம் என்னையும் யாரென்று கேட்டாள்.

"உங்களோட காபி சாப்பிட வந்தவன்" என்றேன்.