மேம்படுத்துதலும் மேம்படுதலும்

விளையாட்டுக் கணினி வைத்திருப்பவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கிறார்: பிராசஸரை மாற்றலாமா? கேள்வி சிறியது. ஆனால் அதற்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். பிராசஸரைத் தமிழில் செயலி என்கிறோம். விசிறுவது விசிறி ஆவதுபோல, செயலை நடத்துவது செயலி. கைபேசியில் நிறுவும் மென்பொருளுக்கும் இன்று அதே சொல் வழங்குவதால், இங்கே நாம் குறிப்பது பிராசஸரை மட்டுமே என்று வரையறுத்துக்கொள்வோம். இதைவிட முக்கியமானது இன்னொரு சொல். ஒரு பொருள் தானே உயர்வது மேம்படுதல். அதை நாம் உயர்த்துவது மேம்படுத்துதல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பழைய செயலியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியதும் மேம்படுத்துதல் நிறைவடைகிறது. கணினி மேம்பட்டதா என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

இரண்டாவது அடுக்கு, செயலி செய்யும் வேலை. விளையாட்டில் நாம் காணும் அசைவு, அடுத்தடுத்து வரும் நிலைப்படங்களின் தொடர். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் செயலி கணக்குப் போடுகிறது: யார் எங்கே நிற்கிறார், எறிந்த பொருள் எதில் மோதும், எதிராளி அடுத்து என்ன செய்வார். அந்தக் கணக்கின் முடிவை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு படமாகத் தீட்டுகிறது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி, 144 படங்கள் வேண்டுமானால் 6.9 மில்லிநொடி. இருவரும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த படங்களில் உழைப்பதால், இருவரில் மெதுவானவரே வேகத்தை முடிவு செய்கிறார். செயலிக்கு 12 மில்லிநொடியும் கார்டுக்கு 8 மில்லிநொடியும் தேவை என்றால் நொடிக்கு ஏறத்தாழ 83 படங்கள் கிடைக்கும். செயலியின் நேரத்தை 8 ஆகக் குறைத்தால் 125 ஆகும். மாறாக, கார்டுக்கே 16 மில்லிநொடி தேவைப்படும் கணினியில் எவ்வளவு விலை உயர்ந்த செயலியைப் பொருத்தினாலும் 62.5-ஐத் தாண்டாது.

மூன்றாவது அடுக்கு, தடை எங்கே என்று கண்டறிவது. அதை மதுரைக்காரருக்கு வாய்க்காலைக் கொண்டே விளக்கலாம். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்பி, கள்ளந்திரியைக் கடந்து மேலூர் வரை போகிறது. கடைமடையில் வயல் காய்ந்தால், அணையில் இன்னும் திறந்துவிடுங்கள் என்று கேட்பதற்கு முன் விவரமறிந்த விவசாயி வாய்க்கால் நெடுக நடந்து பார்க்கிறார். நடுவில் மண் மேடிட்டிருக்கலாம். மதகின் கதவு பாதி அடைத்திருக்கலாம். நீர் எங்கே தேங்குகிறது என்று அறியாமல் மேலே மடையை அகலப்படுத்தினால் கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் கூடாது. கணினியிலும் முதல் வேலை நெடுக நடந்து பார்ப்பதுதான்.

நான்காவது அடுக்கு, அப்படி நடந்து பார்க்கும் முறை. விளையாட்டின் அமைப்பில் திரைத் தெளிவை 1920×1080-இலிருந்து 1280×720 ஆகக் குறையுங்கள். படத்தின் புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். கார்டின் சுமையும் வெகுவாக இறங்கும். செயலியின் கணக்கோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். இப்போது எப்.பி.எஸ்., அதாவது நொடிக்குக் கிடைக்கும் படங்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால் தடை கார்டில் இருந்தது. ஏறாமல் அங்கேயே நின்றால் தடை பெரும்பாலும் செயலியின் பக்கம். சோதிக்கும் முன் வி-சிங்க் போன்ற வேகக் கட்டுப்பாடுகளை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டுப்பாடே தடையாகத் தெரியும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு 40 விழுக்காடுதான் காட்டுகிறது, ஆகவே செயலிக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டுவோர் உண்டு. அந்த எண், செயலி ஒரே நேரத்தில் நடத்தும் எல்லா இழைகளுக்குமான (த்ரெட்) சராசரி. 12 இழைகள் கொண்ட செயலியில் ஓர் இழை மூச்சு முட்ட உழைத்தாலும், மொத்தக் கணக்கில் அது சுமார் 8 விழுக்காடாகவே தெரியும். பகிர்ந்துகொள்ள முடியாத பகுதிதான் முழு வேலையின் வேகத்துக்கும் எல்லை என்பதை ஜீன் அம்டால் 1967-இலேயே எடுத்துரைத்தார். விளையாட்டுகளில் அந்தப் பகுதி பெரிது. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகமே இங்கு அதிகம் பேசும்.

ஐந்தாவது அடுக்கு, நம் ஊரின் வெப்பம். அக்னி நட்சத்திர நாள்களில் மதுரையின் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். கூலர் என்பது செயலியின் சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றும் கருவி. காற்று 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால், அதே உழைப்பில் செயலியின் சூடும் ஏறத்தாழ 15 டிகிரி கூடும். ஏ.எம்.டி. நிறுவனம் தன் ரைசன் 5 3600 செயலிக்கு வகுத்த உச்சவரம்பு 95 டிகிரி. வரம்பை நெருங்கும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மார்கழியில் சரியாக ஓடிய விளையாட்டு சித்திரையில் திணறினால், செயலி பழையதாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். தூசியைத் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்து, பெட்டியில் காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். ஒற்றை ரேம் பட்டை இருந்த இடத்தில் இணைப்பட்டைகளைப் பொருத்துவதும், ரேமை அதற்குரிய வேகத்தில் ஓடும்படி பயாஸில் அமைப்பதும் செயலிக்கு உதவும். இவை மண் மேட்டை அகற்றும் பணிகள், செலவு குறைவு.

ஆறாவது அடுக்கு, பொருத்தம். இவ்வளவுக்குப் பின்னும் தடை செயலியே என்று உறுதியானால், மதர்போர்டில் செயலி அமரும் சாக்கெட்டைப் பாருங்கள். ஏ.எம்.டி.யின் ரைசன் வரிசை 2017-இல் ஏ.எம்.4 சாக்கெட்டில் வந்தது. 2019 ஜூலையில் ரைசன் 5 3600 வந்ததும், 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800 எக்ஸ்3டி வந்ததும் அதே சாக்கெட்டில்தான். பின்னதில் கோர்களுக்கு மிக அருகில் 96 மெகாபைட் எல்3 கேஷ் இருக்கிறது. ரேம் வரை போய் வரும் காத்திருப்பு குறைவதால் பல விளையாட்டுகள் அதில் விரைகின்றன. 2018-இல் வந்த பி450 மதர்போர்டுப் பலகைகூட பயாஸைப் புதுப்பித்தால் அதை ஏற்கும். ஆனால் 2022 செப்டம்பரில் வந்த ஏ.எம்.5-க்குப் போவதானால் மதர்போர்டும் மாற வேண்டும், டி.டி.ஆர்.5 ரேமும் வேண்டும். இன்டெல்லிலோ 2020-இல் எல்.ஜி.ஏ. 1200, 2021-இல் 1700, 2024-இல் 1851 என்று சாக்கெட் மாறிவந்திருக்கிறது. ஆகவே செயலியை மாற்றுதல் என்ற ஒரே தொடர் ஒருவருக்கு ஒரு பொருளையும், வேறொருவருக்கு மூன்று பொருள்களையும் குறிக்கும். கடைக்காரரிடம் விலை கேட்கும் முன் நாம் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏழாவது அடுக்கு, தேவை. 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். இப்போதே சீராக 90 கிடைக்கிறது என்றால், அதை 130 ஆக்குவதில் கண்ணுக்குக் கிட்டும் பயன் மிகச் சிறிது. சராசரி நன்றாக இருந்தும் நடுநடுவே படம் தடுக்கி நின்றால் நிலைமை வேறு. அப்போது பார்க்க வேண்டிய எண், மிக மெதுவான ஒரு விழுக்காட்டுப் படங்களின் வேகம். அது செயலியால் தாழ்ந்தால் மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும் தனியான ஒரு காரணம். விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லாத பழைய செயலி வைத்திருப்பவர், விளையாட்டு நன்றாக ஓடினாலும் மாற்றத்தைப் பற்றி எண்ணத்தான் வேண்டும்.

ஆக, என் முடிவு இது. தடை செயலியில் இருக்கிறது, சூடு காரணமில்லை, இருக்கும் பலகையே புதியதை ஏற்கும் என்ற மூன்றும் உறுதியானால் தயங்காமல் மாற்றுங்கள். தடை கார்டில் இருந்தால் பணத்தைக் கார்டுக்கென ஒதுக்குங்கள். பலகையும் ரேமும் சேர்ந்து மாற வேண்டிய நிலையானால் அது புதுக் கணினி வாங்கும் முடிவு. அதற்கேற்ற பொறுமையோடு எடுங்கள். எதுவானாலும், கடைக்குப் புறப்படும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தெளிவைக் குறைக்கும் முன்னும் பின்னும் கிடைத்த எப்.பி.எஸ்., செயலியின் சூடு, சாக்கெட்டின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.