ஓய்வை விற்கலாமா?

"உழைச்சவனுக்குத்தான் ஓய்வு." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பரீட்சை முடியட்டும், அப்புறம் தூங்கு. தேசிய சேவை முடியட்டும், அப்புறம் ஊர் சுத்து. திருக்குறளில்கூட சோம்பலைக் கண்டிக்க 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே இருக்கு. இந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஓய்வு என்பது உழைப்புக்குக் கிடைக்கும் கூலி. அந்தக் கணக்கு சரியா?

இதை நான் யோசித்தது வகுப்பறையில் இல்லை, நேபாளத்தில் ஒரு படகில். டிசம்பர் விடுமுறையில் முதுகுப்பையோடு மூன்று பேராகக் கிளம்பினோம். காத்மாண்டுவிலிருந்து பொக்கரா சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனா மலைப்பாதையில் பஸ் ஏறக்குறைய ஒரு பகலையே தின்றுவிடும். ஊர் ஃபேவா ஏரிக்கரையில் இருக்கிறது. பயணிகள் தங்கும் பகுதிக்குப் பேரே 'லேக்சைடு'. நம்ம ஜூரோங் பக்கத்து எம்ஆர்டி நிலையத்தின் பேர்தான், அதற்கு மேல் ஒற்றுமை தேட வேண்டாம்.

மறுநாள் சனிக்கிழமை. நண்பர்கள் சூரிய உதயம் பார்க்க சாரங்கோட் மலைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஒரு திட்டமும் இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்க்கணும் என்று ஆசை. பால் டீ, அரிசி மாவில் வளையம் வளையமாகச் சுடும் சேல் ரொட்டி, பிறகு கரையில் ஒரு கல். எதிரே மச்சபுச்சரே மலை, 6,993 மீட்டர். 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்கு ஏறக்குறைய 45 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியது. அது சிவனுக்குரிய மலை என்பதால் அதற்குப் பிறகு அதில் ஏற அனுமதி கிடையாது. எவரெஸ்டில் வரிசை கட்டி நிற்கிற காலத்தில், 'இது ஏறுவதற்கு இல்லை' என்று ஒரு மலையைச் சும்மா விட்டுவைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏரி நடுவில் சின்னத் தீவு, அதில் தால் பாராஹி கோயில். நம்ம வாராகி அம்மன்தான். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாகப் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் துடுப்பு போட ஓர் ஆளோடு ஒரு படகு எடுத்தேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுவார்கள், தமிழ்க் காதுக்கு முதலில் வேடிக்கையாக இருக்கும். எனக்கு நேபாளி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். கடைசியில் எங்களுக்குப் பொதுவாக இருந்த மொழி மலாய்! ஜொகூர் பாரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவராம். விடுதி மேல்மாடியில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விளக்குகள் தெரியும் என்றார்.

"அது உட்லண்ட்ஸா இருக்கும் தாய். என் வீடு அங்கேதான்."

அவர் அங்கே ஒரு நாளும் வந்ததில்லை. ஆறு வருஷத்தில் எத்தனை ஞாயிறு லீவு எடுத்தீங்க என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "கொசோங்" என்றார். கோப்பிக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லப் பயன்படுத்தும் அதே சொல். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஞாயிறு வேலைக்குக் கூடுதல் சம்பளம், அதனால் அவரே கேட்டு வாங்கினார். அந்தக் காசில்தான் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார், மகள் படிக்கிறாள். இப்போதும் சனிக்கிழமைதான் அவருக்கு வருமானம்.

ஓய்வு கூலி என்றால் இந்த மனிதருக்கு இரண்டு ஜென்மத்துக்கான பாக்கி இருக்கு. நான் முடித்தது நாலு பரீட்சை. ஆனால் படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது நான், துடுப்பு போட்டது அவர். அந்தக் கணக்கு அங்கேயே உடைந்துபோச்சு.

இயந்திரவியல் படிக்கிறவனிடம் வேறொரு கணக்கு உண்டு. மின்மோட்டாரின் பெயர்த்தகட்டில் 'எஸ்3 40%' என்று போட்டிருந்தால், வழக்கமாகப் பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் ஓடலாம், ஆறு நிமிடம் நிற்கணும் என்று அர்த்தம். நிறுத்தாமல் ஓட்டினால் சுருள் சூடேறி மின்காப்பு கெட்டுவிடும். மோட்டார் இந்த ஆறு நிமிடத்துக்குத் தகுதியானதா என்று யாரும் கேட்பதில்லை. கூலிக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது, ஏன்னா மோட்டார் நிற்பது மறுபடி ஓடுவதற்காக மட்டும்தான். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் உணவு, உலாவல், செயல், உறக்கம், விழிப்பு எல்லாவற்றிலும் அளவு வேண்டும் என்று வருகிறது. அங்கே ஓய்வு செயலுக்குப் பரிசாக வரவில்லை, அதற்குப் பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஒருவர் தானே விரும்பி ஓய்வை விற்றால்? இதுதான் என்னை இன்னும் குடைகிறது. விடிவதற்கு முன்பே கடற்பாலம் பக்கம் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கும். உட்லண்ட்ஸ்வாசிகளுக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர், துப்புரவாளர், தொழில்நுட்பர் என்று ஆயிரக்கணக்கானோர் ஜொகூரிலிருந்து தூக்கத்தை விற்றுவிட்டுத்தான் வருகிறார்கள். வெள்ளிக்கு இத்தனை ரிங்கிட் என்ற கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அவர்களிடம் போய் 'உடம்பைப் பாருங்கண்ணே' என்று சொல்ல, ஏரியில் மிதந்துவிட்டு வந்த எனக்கு என்ன யோக்கியதை?

அதனால் கேள்வியை விற்பவரிடம் கேட்கக்கூடாது, வாங்குபவரிடம்தான் கேட்கணும் என்று நினைக்கிறேன். நம்ம ஊர் சட்டமே மெல்ல அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2013 முதல் இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு ஓய்வுநாள் உண்டு. ஆனால் அவர் சம்மதித்தால் அதற்குப் பதில் காசு கொடுத்துவிடலாம். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்ற முடியாது. அவரே சம்மதித்தாலும் முடியாது. கருணை என்பதைவிட, சில பொருள்களுக்கு விலை ஒட்டக்கூடாது என்ற ஒப்புதலாகவே அதைப் பார்க்கிறேன். மாதம் ஒன்று குறைவுதான்.

அன்று படகில் வாங்குபவன் நான். நானே துடுப்பு போட்டிருந்தால் அவருக்கு அந்த வருமானம் போயிருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பேசியிருந்தோம். கோயிலில் கும்பிட்டுத் திரும்பும்போது பாதி வழியில், துடுப்பை உள்ளே வைங்க, நேரம் முடியும் வரை இப்படியே இருப்போம் என்றேன். காசைக் குறைக்கப் போகிறேனோ என்று சந்தேகமாகப் பார்த்தார். இல்லை என்றதும் துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு ஃபோனில் மகளின் படங்களைக் காட்டினார், பிறகு தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டார். இருபது நிமிடம். இதைத் தர்மம் என்று சொல்லமாட்டேன். அவர் நேரத்துக்கு நான் கொடுத்த அதே விலைதான்.

எங்கள் மாடியில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார், நல்லவர். அவர் வீட்டுப் பணிப்பெண் மாதம் ஒரு ஞாயிறு வெளியே போவார், மற்ற ஞாயிறுகளுக்குக் காசு. "அவளேதான் கேக்குறா தம்பி, ஊர்ல தம்பி படிக்கிறானாம். நான் கொடுக்கலைன்னா பாவமில்லையா?" என்பார். சட்டப்படி அவர் மேல் தப்பில்லை. இன்னொரு ஞாயிறும் விட்டுடுங்க, அந்த நாள் காசையும் சேர்த்துக் கொடுத்துடுங்க என்று சொல்லிப் பார்த்தேன். "நீ வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சிட்டு வந்து பேசு" என்றார். அடுத்த வருஷம் வேலைக்குப் போயிடுவேன் ஆன்ட்டி, அப்பவும் வந்து இதையேதான் கேட்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.